உப்புக் காற்று முதலில் எதைத் தின்னும்?

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் போன ஆனி மாதம் நின்றுபோனது. பதினோரு வருஷம் ஓடிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஸ்விட்ச் போட்டால் பின்பக்கம் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும், ஐந்தாறு விநாடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் உறுமல், மறுபடியும் டக். முதலில் வந்தவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. "கம்ப்ரசர் போயிருச்சு. இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று காலையில்தான் அக்கா சீலா மீன் வாங்கித் துண்டு போட்டு உள்ளே வைத்திருந்தாள்.

மறுநாள் பாம்பனிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே, மோட்டாரைக் கிளப்பிவிட உதவும், தீப்பெட்டியைவிடச் சிறிய ரிலே. அதை மெதுவாக இழுத்து எடுத்து என்னிடம் நீட்டினார். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு ரிலேயின் கவ்விகளில் அப்பியிருந்தது. அது மாட்டியிருந்த கம்ப்ரசர் முனைகள் பழுப்பேறிக் கிடந்தன. மீட்டரை வைத்து மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்தார். 14 ஓம், 20 ஓம், 34 ஓம். "பாருங்க தம்பி, பதினாலும் இருபதும் முப்பத்தி நாலு. கணக்கு ஒத்து வருது. காயில் நல்லா இருக்கு" என்றார்.

கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாரில் இரண்டு காயில்கள். ஒன்று ஓட வைப்பது, இன்னொன்று கிளப்பிவிடுவது. இரண்டும் ஒரு பொது முனையில் சேர்கின்றன. பொது முனையிலிருந்து தனித்தனியாக அளந்தால் வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, மற்ற இரு முனைகளுக்கு நடுவே அளந்தால் வரவேண்டும். காயில் அறுந்திருந்தால் மீட்டர் எண்ணே காட்டாது. இரண்டு காயிலும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கூட்டல் இடிக்கும். முனைக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடம்புக்கும் நடுவே எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. அதையும் பார்த்தார், இல்லை. இத்தனைக்கும் ஆனது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாமல்தான் முந்தின நாள் ஒரு ஃப்ரிட்ஜ் செத்துவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லப்பட்டது. எனக்கு இன்றுவரை அது மனசு ஆறவில்லை.

சரி, அந்தக் களிம்பு எப்படி வந்தது? அக்கா வீட்டிலிருந்து தென்கடல் முக்கால் கிலோமீட்டர். ஃப்ரிட்ஜ் இருப்பது அடுப்படி மூலையில்.

அலை உடையும்போது காற்றை அடியில் அமுக்கிக்கொண்டு போகிறது. அந்தக் காற்று குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளைத் தூக்கி எறிகிறது. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடும். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும் பொடித் துளிகள் காற்றோடு கிலோமீட்டர் கணக்கில் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்து பார்த்ததுதான்.

உலர்ந்த உப்பால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கடல் உப்பு உலர்ந்து கிடப்பதே இல்லை. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கல் உப்பு ஜாடி அடியில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். நம் கரையில் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். ஆகவே உலோகத்தின் மேல் படிந்த உப்புத் தூசி ஒவ்வொன்றும் ஏறக்குறைய வருஷம் முழுக்க ஒரு சின்ன ஈரப் பொட்டாகவே உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பொட்டு என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய அரிவாள்மனைத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன் மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள். துரு சொட்டு முழுக்கப் பரவியிருக்காது. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் வளையம் கட்டியிருக்கும். சொட்டின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாக இறங்குகிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு. இந்த வேறுபாடு ஒன்றே சொட்டைச் சின்ன பேட்டரியாக மாற்றிவிடுகிறது. நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து காரமாகின்றன. கரைந்த இரும்பும் காரமும் வழியில் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. இரும்பு குழிவது ஓரிடம், துரு தெரிவது வேறிடம். நல்ல தண்ணீரிலும் இது நடக்கும், மெதுவாக. உப்பு சேர்ந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். அதோடு, உலோகம் தன்மேல் போர்த்திக்கொள்ளும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் உப்பிலுள்ள குளோரைடு ஓட்டை போட்டுவிடுகிறது. இவ்வளவும் செய்தும் குளோரைடு தீர்ந்துபோவதில்லை. ஒருமுறை படிந்த உப்பு, துடைத்து எடுக்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடம் கிடையாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குச் செய்த இந்த யோசனையை நம் வீட்டுச் சாமான்களுக்கு யாரும் செய்வதில்லை. டெல்லிக்குப் போகும் அதே ஃப்ரிட்ஜ்தான் ராமேஸ்வரத்துக்கும் வருகிறது.

அதன் தகட்டுக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் பூசிய தகடு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 60 கிராம், தடிமன் சுமார் 8.4 மைக்ரான். காற்றில் உலோகம் அரிக்கும் வேகத்தை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தர அளவீட்டின்படி, நடுத்தர அரிப்புள்ள இடத்தில் வெட்டவெளியில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். மிகக் கடுமையான கடலோர வகையில் 4.2 முதல் 8.4 வரை. அங்கே நாலு முதல் பன்னிரண்டு வருஷம் தாங்கும் பூச்சு, இங்கே ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் இவ்வளவு வேகம் இருக்காது, மேலே பெயிண்டும் காக்கும். ஆனால் வாஷிங் மெஷினைக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைக்கிறோமே, அங்கே இந்தக் கணக்கு பெரிதும் பொருந்தும். மழை படாத இடம்தானே என்று நினைப்போம். மழை படாததால்தான் படிந்த உப்பு கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது.

இப்போது ரிலேக்கு வருவோம். கம்ப்ரசரின் உள்ளே உப்பு போகவே முடியாது. மோட்டாரும் பிஸ்டனும் எண்ணெயோடும் கேஸோடும் பற்றவைத்து மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. மின் இணைப்புக்காக வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை மூன்று முனைகள் மட்டும். உப்புக்குக் கிடைக்கும் வாசல் அந்த முனைகளும் அவற்றைக் கவ்வும் பித்தளையும்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மாதிரி ஃப்ரிட்ஜ் ஒரு ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் பல மடங்கு. களிம்பு பிடித்த இணைப்பில் 5 ஓம் தடை இருந்து, 6 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 30 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 230க்குப் பதில் மோட்டாருக்கு 200. இந்த மோட்டார்களின் சுழற்றும் வலு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே வலுவில் கால் பங்கு காணாமல் போகிறது. மோட்டார் திணறி உறுமுகிறது, சூடாகிறது. காயில் கருகாமல் காப்பாற்ற ஓவர்லோடு என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. அந்த 'டக்' சத்தம் அதுதான்.

பாம்பன் அண்ணன் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார், புது ரிலேயும் ஓவர்லோடும் மாட்டினார். சில நூறு ரூபாயோடு முடிந்தது. பழைய ரிலேயைக் காதருகே ஆட்டிக் காட்டினார், உள்ளே கலகலவென்றது. அதில் ஒரு பீங்கான் வில்லை உண்டு. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை விடும், சூடானதும் தடுத்துவிடும். கிளப்பிவிடும் காயில் அப்படித்தான் கழற்றிவிடப்படுகிறது. வில்லை உடைந்தால் அந்தக் கலகலப்பு கேட்கும். கரண்ட் போய் உடனே வந்தால் சில நிமிடம் பொறுத்து ஃப்ரிட்ஜைப் போடச் சொல்வதும் இந்த வில்லை ஆறட்டும் என்பதற்காகவும், உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகட்டும் என்பதற்காகவும்தான்.

இதே கதை பிளக்கிலும் நடக்கிறது. 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர் எடுக்கும். பிளக் முனையில் அரை ஓம் தடை இருந்தால் 9 வாட்டுக்குமேல் வெப்பம், அரிசி மணி அளவு இடத்தில். பிளக் பாயிண்ட் பழுப்பாகிப் பொசுங்குவது அப்படித்தான். மூன்றாவது பின்னான எர்த் அரித்துப்போனால் அதைவிட ஆபத்து. எந்தச் சாமானின் உடம்பைத் தொட்டாலும் சுர்ரென்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

கேஸ் விஷயம் வேறு. "வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ரிட்ஜ் கேஸ் அடுப்புக் கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் போட்ட கேஸ் அதே வழியாகப் போய்விடும். நம் பக்கத்தில் ஓட்டைக்கு இரண்டு காரணம் சகஜம். ஒன்று, உப்பு அரித்த இரும்புக் குழாய். இன்னொன்று, ஃப்ரீஸரில் ஒட்டிய மீனைக் கத்தியால் நெம்புவது. பழைய மாடல் ஃப்ரீஸரின் சுவரே மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கேஸ் ஓடும் பாதைதான். கத்தி நுனி பட்டால் 'ஸ்ஸ்' என்று போய்விடும்.

கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படித்துவிடுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், அடுப்புக் கேஸின் உறவு, தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்த அறையில், தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். ஆர்-134ஏ என்றிருந்தால் தீப்பிடிக்காது, ஆனால் வெளியே விட்ட ஒரு கிலோ, நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சுடவைக்கும்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? கதவடியிலும் வெளித் தகட்டிலும் துரு என்றால் உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, பெயிண்ட் போதும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் தளர்ந்துவிட்டதா என்று அறிய, பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட்டை மாற்றலாம். வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் குழாய் பக்கச் சுவருக்குள் அரித்துப்போனால் வெளியே தனிக் கண்டன்சர் வைத்துத் தருவார்கள், வயதைப் பார்த்து முடிவு செய்யலாம். சுவருக்குள் இருக்கும் ஃபோம் ஈரம் குடித்துவிட்டால்தான் கதை முடிந்தது. தண்ணீர் அந்த ஃபோமைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். சுவர் எப்போதும் வியர்க்கும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக் கரண்ட் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்றரை யூனிட் எடுக்கும் பழசுக்குப் பதில் 0.6 யூனிட் எடுக்கும் புதுசு வந்தால் வருஷத்துக்கு 328 யூனிட் மிச்சம். புதுசின் எண், அதன் நட்சத்திர லேபிளிலேயே வருஷக் கணக்காக அச்சாகியிருக்கும்.

ஃபேனுக்கு என் தீர்ப்பு கொஞ்சம் வேறு. வேகம் குறைந்தால் முதலில் 2.5 மைக்ரோஃபாரட் கேபசிட்டரை மாற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் நிச்சயம் மிச்சம்தான், தினம் 15 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 246 யூனிட். ஆனால் அதற்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. போர்டில் மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே ஓர் உப்புப் பொட்டு உட்கார்ந்தால் அங்கேயும் அதே பேட்டரி வேலைதான். போர்டு மேல் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கேட்டு, இருந்தால் வாங்குங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுள்ள அறையில் நான் இன்னும் பழைய ஃபேனையே வைத்திருக்கிறேன்.

அக்காவின் வாஷிங் மெஷினைத்தான் காப்பாற்ற முடியவில்லை. முன்பக்கக் கதவு மாடல். டிரம் துருப்பிடிக்காத எஃகு, அதைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைச் சட்டம் அலுமினியம். இரண்டு உலோகமும் போர்வெல் உப்புத் தண்ணீரில் ஒன்றாக நனைந்தால் அலுமினியம்தான் கரையும். ஒரு கை அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது, டிரம் ஆடி வெளித் தொட்டியையும் உடைத்துவிட்டது. புதிதாகப் பிளாஸ்டிக் உடம்புள்ள மேல்திறப்பு மாடல் வாங்கி, தாழ்வாரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்து வைத்தோம். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் மெஷினின் அடியையும் ஃப்ரிட்ஜின் முதுகையும் அக்கா ஒரு தடவை துடைக்கிறாள். முதல் வாரம் வாளித் தண்ணீரில் விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். கரித்தது.