நைட்விஷ் பாட வருபவர்களின் தொண்டை

மெட்டல் எனப்படும் கனமான ராக் இசைக்குழுவில் பாடும் கல்லூரி மாணவி ஒருவர், மூன்று வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது என்று என்னிடம் வந்தார். காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்திருந்த ஸ்ட்ரோபோஸ்கோப்பிப் பதிவை, அதாவது குரல் நாண்களின் அதிர்வை மெதுவாகக் காட்டும் வீடியோவை, திரையில் ஓடவிட்டேன். இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே கடுகளவு வீக்கம். நாண்கள் மூடும்போது அந்த இரு வீக்கங்கள் மட்டும் ஒன்றையொன்று தொட, அவற்றுக்கு முன்னும் பின்னும் காற்று கசிந்து, நடுவே இடுங்கிய உடுக்கை போன்ற இடைவெளி தெரிந்தது. எந்தப் பாடலைப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கைபேசியில் பின்லாந்து மெட்டல் குழுவான நைட்விஷின் ‘ஓஷன்பார்ன்’ ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு வரி பாடச் சொன்னேன். முகவாய் மேலே தூக்கியது, கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன, மூன்றாவது சொல்லில் குரல் பிளந்தது.

குரல் சிகிச்சையாளராகப் பணியாற்றும் நான் அந்தக் குழுவின் ரசிகையும்கூட என்பதால், அந்த ஆல்பங்களின் ஒலி எப்படி மாறிவந்தது என்பதை அவருக்குச் சொன்ன விதமாகவே இங்கும் எழுதுகிறேன். நைட்விஷ் ஒலியின் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குள்ளும் குரலைப் பற்றிய ஒரு முடிவு இருந்திருக்கிறது. பாடகியைப் பின்பற்ற நினைப்பவர்கள் அந்த முடிவுகளைக் கவனிப்பதில்லை.

பின்லாந்தின் கிழக்கே உள்ள கிட்டே என்ற சிற்றூரில், 1996-இல், கீபோர்டு வாசிப்பாளர் துவோமாஸ் ஹோலோபைனன் இந்தக் குழுவைத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்தது மெட்டல் அல்ல. ஒலிபெருக்கம் இல்லாத கிட்டாரும் மென்மையான குரலும் சேர்ந்த அமைதியான இசை. ஆனால் பாட வந்த தார்யா துருனென் மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயின்றுவந்த சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை. அந்தக் குரலின் கனத்துக்கு அந்த மெல்லிய பின்னணி ஈடுகொடுக்கவில்லை என்பதால்தான் மின்கிட்டாரும் டிரம்ஸும் உள்ளே வந்தன. அதாவது, இசைக்காகக் குரல் முறுக்கேற்றப்படவில்லை, குரலுக்காகவே இசை கனத்தது. 1997-இல் வந்த ‘ஏஞ்சல்ஸ் ஃபால் ஃபர்ஸ்ட்’ இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் ஆல்பம். பாதி நாட்டுப்புற மணம், பாதி மெட்டல். சில பாடல்களில் ஹோலோபைனனே பாடியிருக்கிறார். அடுத்த ஆல்பத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். தன் குரலின் எல்லையை அறிந்து ஒதுங்குவதும் ஒரு குரல் பராமரிப்புதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1998-இன் ‘ஓஷன்பார்ன்’ வேகமும் உயரமும் கொண்ட ஆல்பம். இரட்டை பெடல் டிரம்ஸ் ஓயாமல் உருள, தந்தி வாத்தியங்களின் இடத்தைப் பெரும்பாலும் கீபோர்டு நிரப்ப, அதற்கு மேல் ஓபரா பாணியில் குரல் மிதக்கிறது. ஒரு பாடலில் சொற்களே இல்லாத அலங்கார சுரக்கோவைகளும் வருகின்றன. 2000-இல் வந்து பின்லாந்து விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த ‘விஷ்மாஸ்டர்’ அதே வழியில் சென்றது. அதன் தலைப்புப் பாடலின் வரிகளைத் தப்பும் தவறுமாகக் காதில் வாங்கி ரசிகர்கள் செய்த வேடிக்கை வீடியோவைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. ஆனால் சொப்ரானோவின் உயர்ந்த சுரங்களில் சொல் கரைவதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. வாயும் தொண்டையும் சேர்ந்த குழாய் சில அதிர்வெண்களை மட்டும் கூட்டி ஒலிக்கிறது; அந்த ஒத்ததிர்வுகளைக் கொண்டே நாம் ‘ஆ’வையும் ‘ஈ’யையும் பிரித்தறிகிறோம். பாடும் சுரம் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது, அதாவது குரல் நாண்கள் நொடிக்கு எழுநூறு முறைக்கு மேல் மோதிக்கொள்ளும்போது, உயிரெழுத்துகள் ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்குகின்றன. பயிற்சி பெற்ற சொப்ரானோ இதை எதிர்த்துப் போராடுவதில்லை. வாயைத் திறந்து, உயிரொலியைச் சற்று மாற்றி, அந்த ஒத்ததிர்வைத் தன் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார். ஒலி பெரிதாவது அந்தப் பொருத்தத்தால், தொண்டை வலிமையால் அல்ல. என்னிடம் வந்த மாணவி செய்தது நேர் எதிர்: சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று ‘ஈ’யை ‘ஈ’யாகவே இறுக்கிப் பிடித்து, பேச்சுக்குரலின் கனத்தை அப்படியே மேல் ஸ்தாயிக்கு இழுத்துச் சென்றார்.

2002-இன் ‘செஞ்சுரி சைல்ட்’ ஆல்பத்தில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. ஜோயென்சூ நகர இசைக்குழு சேர்ந்ததால் கீபோர்டு பாவனை செய்த வயலின்களுக்குப் பதில் உண்மையான வயலின்கள் ஒலித்தன. பேஸ் கிட்டார் வாசிக்க வந்த மார்கோ ஹியதலா தன் கரகரப்பான ராக் குரலையும் கொண்டுவந்தார். கடுமையைச் சுமக்க இன்னொரு குரல் வந்த பிறகு, தார்யாவின் பாட்டில் ஓபரா மிடுக்கு தளர்ந்து சொற்கள் தெளிகின்றன. லண்டன் இசைக்கலைஞர்களோடு பதிவான 2004-இன் ‘ஒன்ஸ்’ ஆல்பத்தில் இது இன்னும் தெளிவு. பாடகி திறமை குறைந்து இறங்கிவிட்டார் என்று புலம்பும் பழைய ரசிகர்களோடு நான் உடன்படுவதில்லை.

2005-இல் தார்யா குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2007-இன் ‘டார்க் பேஷன் பிளே’ ஆல்பத்தில் பாடிய ஸ்வீடனின் அனெட் ஓல்சோன் பாப் பாணிக் குரல். தமக்கென எழுதப்பட்ட பாடல்களில் இயல்பாக ஒலித்தவர், சொப்ரானோவுக்காக அமைந்த பழைய பாடல்களை மேடையில் பாடியபோதெல்லாம் ஒப்பீட்டுக்கு ஆளானார். ரசிகர்கள் இதைத் திறமைப் பிரச்சினையாகவே பேசினார்கள். எனக்கு அது வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டது போலத்தான் பட்டது. 2012-இல் வந்த நெதர்லாந்தின் ஃப்ளோர் யான்சன் நெஞ்சுக்குரல், ஓபராக் குரல், உறுமல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பாடுகிறார். அவரைக் காட்டி, “அவங்களால முடியுதே, மேடம்” என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன்: 2012-க்குள் அவருக்குப் பல ஆண்டு மேடை அனுபவம் இருந்தது. அப்படியிருந்தும் 2015-இன் ஆல்பத்தில் பல இடங்களில் அவர் அடக்கித்தான் பாடியிருக்கிறார்.

பயிற்சி அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம்ஸ் முழங்கும் சிறிய அறையில் தன் குரல் தனக்கே கேட்காதபோது, மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். எனவே பாடகருக்குத் தன் குரல் கேட்கும்படி ஒலிபெருக்கி வையுங்கள், முடியாவிட்டால் டிரம்ஸ் இல்லாமல் பயிற்சி செய்யுங்கள். தொண்டை வலியை மரக்கச் செய்யும் மிட்டாய்களைச் சப்பிக்கொண்டு பாடாதீர்கள். வலி மறையுமே தவிர நாண்களின் மோதல் நிற்காது. குரல் கம்மியபோது கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. கம்மல் இரண்டு மூன்று வாரம் தாண்டினால் நாண்களை மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

அந்த மாணவிக்கு அறுவை தேவைப்படவில்லை. டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி கிளம்ப முனகும் பயிற்சியில் தொடங்கினோம். வீக்கம் வற்ற மூன்று மாதத்துக்கு மேலானது. இப்போது அதே பாடலை இரண்டு கட்டை இறக்கிப் பாடுகிறார். அதனால் விரல் வைப்பெல்லாம் மாறிப்போய்விட்டது என்று கிட்டார்க்காரர் முனகுகிறாராம். அவருக்குத் தர என்னிடம் பயிற்சி எதுவும் இல்லை.