ரீஹேப்: மறுவாழ்வா, இயன்மீட்பா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் டாக்டர் ‘ரீஹேப் முக்கியம்’ என்பார். ரீஹாபிலிடேஷன் என்பதன் சுருக்கம் அது, இழந்த ஆற்றலைப் பயிற்சியால் திரும்பப் பெறுவது. அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் பலருக்கும் முதலில் வருவது ‘மறுவாழ்வு’. அகராதிப்படி தப்பில்லை, ஆனால் தமிழ்நாட்டில் மறுவாழ்வு மையம் என்றாலே குடியிலிருந்து மீட்கும் இடம்தான் ஞாபகத்துக்கு வரும். 2021-இல் அகதிகள் முகாம்களுக்கும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் வந்தது. இலங்கையிலோ ‘புனர்வாழ்வு’ என்ற சொல்மேல் போர் முடிந்தபின் தடுத்து வைக்கப்பட்டவர்களின் கதை ஏறிக் கிடக்கிறது. முழங்காலை மடக்கப் பழகும் ஒரு அம்மாவிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

மூலச்சொல் இடைக்கால லத்தீன். ‘ரீ’ என்றால் மறுபடி, ‘ஹாபிலிஸ்’ என்றால் தகுதியும் ஆற்றலும் உள்ள. முதலில் இது சட்டத்தின் சொல். பதவியோ உரிமையோ பறிபோனவருக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதைக் குறித்தது. முதல் உலகப்போரில் ஊனமுற்றுத் திரும்பிய சிப்பாய்களைப் பழையபடி வேலைக்குத் தயார்படுத்தும் காலத்தில்தான் உடலைச் சார்ந்த பொருள் இதில் வலுத்தது.

இதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் பிசியோதெரபி. கிரேக்கத்தில் ‘ஃபிசிஸ்’ என்றால் இயற்கை. தமிழில் இயன்முறை மருத்துவம். இயல் + முறை, புணர்ச்சியில் இயன்முறை ஆகிறது, இயன்மொழி மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது. ‘இயல்’ என்றால் தன்மை, ‘இயலும்’ என்றால் முடியும், பழந்தமிழில் ‘இயலுதல்’ என்றால் நடத்தல் என்றும் பொருள். இயற்கை, ஆற்றல், நடை மூன்றும் ஒரே வேரில்! அரசு வழக்கில் புழங்கிய ‘முடநீக்கியல்’ என்ற சொல் இதன் பக்கத்தில் நிற்காது. பக்கவாதம் வந்தவரையும் மாரடைப்பிலிருந்து தேறுகிறவரையும் முடம் என்ற சொல்லுக்குள் அடைப்பது சரியும் இல்லை, மரியாதையும் இல்லை.

அப்படியானால் ரீஹேபுக்கு? அதே வேரிலிருந்து ‘இயன்மீட்பு’ என்று எடுக்கலாம் என்பது என் யோசனை. இயலாமல் போனதை மீட்பது. பயிற்சிக்கு இயன்மீட்புப் பயிற்சி.

இதை வேலூரில் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டினார்கள். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேறு வேலை செய்துகொண்டிருந்த ஒரு தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை, கொண்டுபோய் இணைப்பார். தைத்ததும் கை வேலை செய்துவிடாது. அந்தத் தசை தன் பழைய வேலையை மறந்து விரலை அசைக்கக் கற்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி. அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அப்புறம் இந்தத் துறையையே படித்துவிட்டு வந்தார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட ரீஹேப் நிலையம் இன்றும் நடக்கிறது.

வீட்டுக்கு வருவோம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி, துண்டை ஐந்து விநாடி அழுத்தி விடுவது முதல் நாட்களிலேயே சொல்லித் தரும் பயிற்சி. சும்மா கிடந்தால் தொடையின் முன்தசை வேகமாக இளைத்துவிடும், அது இளைத்தால் புது மூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாற்காலியிலிருந்து எழுவது கஷ்டம். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது காலில் ரத்தம் உறையாமல் இருக்க. ‘ஆபரேஷன் ஆன காலை ஆட்டாதே, படுத்திரு’ என்று பாசத்தோடு சொல்லும் உறவினர்கள்தான் இங்கே பெரிய தடை. பயிற்சி என்பது சிகிச்சைக்குப் பிறகு வரும் உபரி இல்லை, அதுவும் சிகிச்சைதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிசியோ என்று சொன்னாலும் சரி, இயன்மீட்பு என்று சொன்னாலும் சரி.