கையெழுத்துப் போடும் முன் கூசி கோட்டையின் கதையைக் கேளுங்கள்

சொத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது, அதற்குள் ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்று யாரோ நீட்டிய விடுதலைப் பத்திரத்தை, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். அவர்களிடம் சட்டப் பிரிவு எண்களைச் சொன்னால் காதில் ஏறாது. அதனால் சில சமயம் நான் பிரான்சுக்குப் போய்விடுவேன், அதாவது கதையில். 1400 நவம்பரில் மரி த கூசி என்ற பெண் தன் அப்பாவின் பெரும் சொத்தை எழுதிக்கொடுத்த கதை.

வடக்கு பிரான்சில், லானுக்கும் சுவாசோனுக்கும் நடுவே உள்ள ஒரு குன்றின் மேல் இருக்கிறது கூசி. அங்கே ஆண்டவர்கள் டியூக்கும் இல்லை, கவுண்ட்டும் இல்லை, வெறும் ‘சீர்’, நம் வாய்க்குப் பிரபு. ஆனால் திமிரைப் பாருங்கள், ‘நான் அரசனல்ல, இளவரசனல்ல, டியூக்கும் கவுண்ட்டும் அல்ல, நான் கூசியின் பிரபு’ என்பதுதான் அந்தக் குடும்பத்தின் முழக்கம்.

எந்தச் சொத்து வந்தாலும் நான் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம், சொத்து முதலில் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம். கூசிக்கு அதைத் தேடிப் போனால் ஆரம்பமே கோளாறு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோட்டை கட்டியவர் ரான்ஸ் பேராயர் எர்வே. தேவாலயச் சொத்து. அது கைமாறிக் கைமாறி, 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கெரான் த போவ் என்பவரிடம் வந்து நின்றது. மார்ல், லா ஃபேர் ஆகிய ஊர்கள் அவருக்கு வந்தது மனைவி ஆத் வழியாக. அப்புறம் அந்த மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு நாமூர் கவுண்ட்டின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆத்தின் மகன் தோமா தனக்குப் பிறந்தவன்தானா என்று அந்த அப்பாவுக்கே சந்தேகம். அப்பனும் மகனும் ஒருவர் நிலத்தில் ஒருவர் புகுந்து ஊர்களைக் கொளுத்தினார்கள், குடியானவர்கள் செத்தார்கள். தோமாவை 1114இல் திருச்சபை விலக்கிவைத்தது. மன்னர் ஆறாம் லூயி திரும்பத் திரும்பப் படையெடுத்து வந்தார். 1130இல் பிடிபட்ட தோமா காயத்தோடு செத்தார். அதே மன்னரின் பேத்தி பின்னால் அதே தோமாவின் பேரனுக்கு வாழ்க்கைப்பட்டு கூசிக்கே வந்தாள். சண்டையில் பிடிக்க முடியாததைச் சம்பந்தம் பேசிப் பிடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான்.

அந்தத் தம்பதியின் மகன் மூன்றாம் ஆங்கெரான் கட்டியதுதான் பெரிய கோபுரம். உயரம் ஏறக்குறைய 54 மீட்டர், குறுக்களவு 31 மீட்டர், அடிச்சுவர் 7 மீட்டர் தடிப்பு. சுற்றுலாப் பக்கங்கள் எல்லாம் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்குக் கோபுரத்தைவிட அவர் மகன் நான்காம் ஆங்கெரான்மேல் வந்த வழக்குதான் சுவாரசியம். 1256 வாக்கில், ஒரு மடத்தில் தங்கி மொழி படிக்க வந்திருந்த மூன்று ஃப்ளாண்டர்ஸ் இளைஞர்கள், அம்பும் வில்லுமாக முயல் துரத்திக்கொண்டு இவருடைய காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் மூவரையும் தூக்கில் போட்டுவிட்டார். புகார் மன்னர் ஒன்பதாம் லூயியிடம் போனது. அவர் பிரபுவைப் பிடித்து லூவ்ர் கோட்டையில் வைத்தார். ‘என் சமதகுதிப் பிரபுக்கள்தான் என்னை விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் வாள் சண்டையில் தீர்த்துக்கொள்கிறேன்’ என்று கேட்டுப் பார்த்தார் ஆங்கெரான். மன்னர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. உயிர் தப்பியது, ஆனால் பல்லாயிரம் லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) அபராதம் கட்டவேண்டி வந்தது, செத்தவர்களுக்காக வழிபாடு நடத்தச் செலவும் ஏற்கவேண்டி வந்தது. காட்டில் நீதி வழங்கும் உரிமையையும் பறித்துக்கொண்டார்கள். கடைசியாகச் சொன்னதை என் கட்சிக்காரர்களிடம் அழுத்திச் சொல்வேன். அந்தக் காலத்துப் பிரபு உரிமை என்பது நிலம் மட்டுமல்ல. வழக்கு விசாரிப்பது, வரி வாங்குவது, வேட்டையாடுவது, குடியானவன் செத்தால் அவன் பொருளை எடுத்துக்கொள்வது என்று பல உரிமைகளைக் கட்டிவைத்த மூட்டை. அதிலிருந்து ஒவ்வொன்றாக உருவ முடியும், தனித்தனியாக விற்கவும் முடியும். நீங்கள் கையெழுத்துப் போடும் பத்திரத்திலும் எது போகிறது, எது நிற்கிறது என்று வரி வரியாகப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

நான்காம் ஆங்கெரானுக்குப் பிள்ளை இல்லை. 1311இல் அவர் போனதும் சொத்து சகோதரி ஆலிஸின் மகனுக்குப் போனது. பெயர் அதே கூசி, வம்சம் அவன் அப்பாவின் கீன் குடும்பம்.

கடைசிப் பெரிய பிரபு ஏழாம் ஆங்கெரான். போரில் பிடிபட்ட பிரெஞ்சு மன்னரின் மீட்புத்தொகைக்குப் பிணையாக இங்கிலாந்து போனவர், 1365இல் அந்நாட்டு மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை மணந்து, பெட்ஃபோர்டு ஏர்ல் பட்டத்தோடு திரும்பினார். 1368இல் தன் ஆளுகையில் இருந்த 22 ஊர்களின் குடியானவர்களை, ஆண்டு வரிக்கு ஈடாக, அடிமைக்கட்டிலிருந்து விடுவித்தார். தயாள குணம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் கிடைக்கவில்லை, இருந்தவர்களும் சுதந்திரமான ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், நிலம் தரிசாகக் கிடந்தது. தன் அம்மா ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பெண் என்பதால் அம்மாவழிச் சொத்தைக் கேட்டு 1375இல் கூலிப்படையோடு சுவிட்சர்லாந்துப் பக்கம் போய் அடிவாங்கித் திரும்பியதும் இவர்தான். மாமனார் இறந்த 1377இலேயே ஆங்கிலப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரெஞ்சுப் பக்கம் நின்றுவிட்டார். மூத்த மகள் மரி பிரான்சில், இளையவள் பிலிப்பா இங்கிலாந்தில். மனைவி இறந்தபின் மறுமணம் செய்து இன்னொரு மகள்.

1396இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியர்களிடம் சிறைப்பட்டு, மறு ஆண்டு பிப்ரவரியில் பர்சாவில் இறந்தார். அதே போருக்குப் போன மரியின் கணவர் ஆன்ரி த பாரும் ஊர் திரும்பவில்லை. ஒரே வருடத்தில் அப்பாவும் இல்லை, புருஷனும் இல்லை. இன்னொரு பக்கம் அப்பாவின் இரண்டாம் மனைவி தன் பங்கைக் கேட்டு நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து வந்தார் ஒர்லேயோன் டியூக் லூயி, பிரெஞ்சு மன்னரின் தம்பி. ஃப்ளாண்டர்ஸைக் கையில் வைத்திருந்த பர்கண்டி டியூக்கோடு அவருக்குப் போட்டி, வடக்கில் கூசி மாதிரி ஒரு இடம் வேண்டும். நெருக்கினார். விலை 4,00,000 லிவ்ர் என்று எழுதி மரி விற்றாள். முழுத் தொகை அவள் கைக்கு வந்து சேரவேயில்லை. 1405இல் இறந்துபோனாள்.

இங்கே வாங்கியவர் தரப்பு வக்கீலாகவும் யோசிக்கத் தெரிய வேண்டும். நம் சட்டப்படியும் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால், பணம் பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிரயம் பொதுவாக ரத்தாகாது. பாக்கிக்கு வழக்குப் போடலாம், அந்தப் பாக்கிக்கு அந்தச் சொத்தையே ஈடாக்கும் ‘பொறுப்பு’ (charge) கேட்கலாம், அவ்வளவுதான். ‘முழுக் கிரயத் தொகையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அதுவும் கஷ்டம். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்றால் ரத்துக்கு வழி உண்டு, ஆனால் காலக்கெடு இருக்கிறது, நிரூபிப்பதும் உங்கள் தலையில்தான். விடுதலைப் பத்திரமாக இருந்தாலும் அதே கவனம் வேண்டும். நகலை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும், துக்க வீட்டில் பேனாவைத் தொடாதீர்கள்.

வாங்கிய லூயியை 1407இல் பாரிஸ் தெருவில் பர்கண்டி ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். ஆனாலும் கூசி அவர் வம்சத்திலேயே நின்றது. அவர் பேரன் 1498இல் பன்னிரண்டாம் லூயி என்று முடிசூடியபோது அதுவும் அரச சொத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தக் கோபுரத்தை 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. இன்று போனால் கற்குவியலைப் பார்க்கலாம். போன மாதம் ஒரு அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘சரி சார், அந்தப் பொண்ணுக்குப் பாக்கிப் பணம் எவ்வளவு?’ என்று கேட்டார், கேட்டுக்கொண்டே தன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.