கேரவன் தண்ணீர் மீட்டர்: வாங்குமுன் தொட்டியை அளந்து பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கோலாலம்பூரில் வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர்கள் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் மீட்டரைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலோர் முதலில் கேட்பது, "திரை எவ்வளவு பெரிசு? கைப்பேசியில் தெரியுமா?" என்பதுதான். திரை கடைசியாகப் பார்க்க வேண்டியது. மீட்டர் உண்மை சொல்வதும் பொய் சொல்வதும், தொட்டியில் அளவெடுக்கும் சென்சாரின் கையில் இருக்கிறது. தொட்டியின் ஆழம் என்ன, அது பிளாஸ்டிக்கா இரும்பா, உள்ளே நிற்பது நல்ல தண்ணீரா பாத்திரம் கழுவிய தண்ணீரா என்று தெரிந்த பிறகுதான் எந்தச் சென்சார் பொருந்தும் என்றே சொல்ல முடியும்.

கேரவன் தொட்டிகள் இருக்கைக்கு அடியில் படுத்துக் கிடப்பவை. ஆழம் 25, 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். வீட்டுக் கூரைத் தொட்டிக்காகச் செய்த கருவி இங்கே தடுமாறுவது இதனால்தான். மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரில், நீர் புகாத மலிவு வகைகளுக்கு முகத்துக்கு முன்னால் 20 சென்டிமீட்டர் வரை குருட்டு இடம் உண்டு. 30 சென்டிமீட்டர் தொட்டியில் அதன் கண்ணுக்குத் தெரிவது அடியிலுள்ள 10 சென்டிமீட்டர் மட்டுமே.

தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் நான்கு எஃகு திருகுகளைப் பதித்து விளக்கு எரிய வைக்கும் முறை மலிவு. ஆனால் 90 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கான விளக்கு எரிந்தால், உள்ளே 30 லிட்டரும் இருக்கலாம், 59 லிட்டரும் இருக்கலாம். திருகுகளுக்கு இடையே தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தினால்தான் விளக்கு எரியும். ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீரை நிரப்புகிறவர்களுக்கு, அதில் உப்புச்சத்து மிகக் குறைவு என்பதால், தொட்டி நிறைந்திருந்தும் விளக்கு எரியாமல் போகலாம். கழுவிய நீர்த் தொட்டியில் கதை தலைகீழ். தேங்காய்ப்பாலும் குழம்பு எண்ணெயும் சோப்பும் சேர்ந்த படலம் சுவரில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு திருகுகளை இணைத்துவிடும். காலித் தொட்டி நிறைந்ததாகக் காட்டும். திருகுகளில் எப்போதும் மின்சாரம் ஓடினால் அவை அரித்தும் போகும். ஆகவே பொத்தானை அழுத்தும்போது மட்டும் அளக்கும் வகையையே வாங்குங்கள்.

மிதவைச் சென்சார் நல்ல தண்ணீருக்கு நம்பகமானது. மிதவை ஏறி இறங்கும்போது அதன் மின்தடை மாறும்; பலர் சறுக்குவது அந்த ஓம் கணக்கில். ஐரோப்பிய வகை காலியில் 0, நிறைவில் 190 ஓம் அளவில் காட்டும். அமெரிக்க வகை காலியில் 240, நிறைவில் 33. ஒன்றின் மிதவையை மற்றதன் மீட்டரோடு இணைத்தால் முள் எதிர்த்திசையில் ஓடும். ஜாலான் பசாரில் உதிரியாக வாங்குகிறவர்கள் அங்கேயே மல்டிமீட்டரை வைத்து, மிதவையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிடுவது நல்லது. கழுவிய நீரில் மிதவை வேண்டாம். தலைமுடியும் கொழுப்பும் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெளிச்சுவரில் ஒட்டும் பட்டைச் சென்சார் அதற்குப் பரவாயில்லை. இரும்புத் தொட்டியில் அது வேலை செய்யாது.

துல்லியம் வேண்டுமென்றால் அடியில் நீரழுத்தத்தை அளக்கும் சென்சார். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை தருவதை எடுங்கள். கம்பி நீளமாக இருந்தாலும் அளவு மாறாது, காலித் தொட்டிக்கே 4 வரும் என்பதால் 0 காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது என்று உடனே தெரியும். வாங்கும்போது எவ்வளவு ஆழம் வரை அளக்கும் என்ற அளவெல்லையைக் கட்டாயம் பாருங்கள். 5 மீட்டர் எல்லையும் 0.5 சதவீதப் பிழையும் உள்ள சென்சார் 2.5 சென்டிமீட்டர் வரை தவறலாம். 30 சென்டிமீட்டர் தொட்டியில் அது 8 சதவீதம். 1 மீட்டர் எல்லை உள்ளதானால் பிழை அரை சென்டிமீட்டர்தான். 12 வோல்ட்டில் இயங்குமா என்றும் பாருங்கள், பல வகைகள் 24 வோல்ட் கேட்கும்.

இந்தச் சென்சாரின் கேபிளுக்குள், வெளிக் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டு அளப்பதற்காக, ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. தண்ணீர் புகுந்துவிடுமோ என்று அதன் வாயைச் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். கோலாலம்பூரில் எல்லாம் சரியாகவே தெரியும். தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்துக்கு, ஏறினால் காற்றழுத்தம் சுமார் 15 கிலோபாஸ்கல் குறையும். 30 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தமோ 3 கிலோபாஸ்கல்தான். கீழ்நாட்டுக் காற்று குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் நிறைந்த தொட்டி காலி என்று காட்டும். குழாய் வாயைத் திறந்தே விட்டு, கீழ்நோக்கி வளைத்து, உலர்ந்த பெட்டிக்குள் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும், அவ்வப்போது மாற்றுங்கள். பம்ப் தண்ணீர் இழுக்கும் குழாயிலேயே இந்தச் சென்சாரை மாட்டினால், பம்ப் ஓடும்போதெல்லாம் அளவு சரியும். தனித் துளைதான் சரி.

எந்தச் சென்சாரானாலும் தொட்டியின் நடுவில் பொருத்துங்கள். 80 சென்டிமீட்டர் நீளத் தொட்டி 5 பாகை சாய்ந்து நின்றால் இரு முனைகளுக்கும் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். முனையில் இருக்கும் சென்சார் 3.5 சென்டிமீட்டர் பொய் சொல்லும். 25 சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏழில் ஒரு பங்கு.

வயரிங்கில் 1 ஆம்பியர் பியூஸ் தனியாகப் போடுங்கள். நெகட்டிவ் கம்பியைப் பம்ப்போடு சேர்க்காதீர்கள், பம்ப் ஓடினால் முள் துள்ளும். சுவிட்சும் வையுங்கள். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் மீட்டர் மூன்று மாதம் எரிந்துகொண்டே இருந்தால் 43 ஆம்பியர் மணி போய்விடும்.

பொருத்தியபின் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காலித் தொட்டியில் 10 லிட்டர் வாளியால் ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சக்கர வளைவுக்காக அடி வெட்டிய தொட்டியில் பாதி உயரம் பாதி லிட்டர் ஆகாது; இந்தக் கணக்கு இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீட்டரும் அதைச் சரியாகச் சொல்லாது. எழுதிய தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.