எலி கடித்ததா என்று நான் கேட்கவில்லை

மழைக்காலம் வந்துவிட்டால் வடசென்னையில் காய்ச்சலோடு வரும் எல்லோரிடமும் நான் கேட்பது, “தண்ணியில நின்னீங்களா?” போன வாரம் வந்த மீன்பாடி வண்டிக்காரர் இல்லை என்றார். கூட வந்த மனைவிதான், “தெருவுல முட்டி அளவு தண்ணி மூணு நாள் நின்னுச்சே, அதுலதான் வண்டிய தள்ளினு போனாரு” என்றார். அவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை. வருடா வருடம் நடப்பதுதானே.

காய்ச்சல் வந்து ஏழாம் நாள் அது. முதல் நாள் ஒரு ஊசி, மூன்றாம் நாள் வலிக்கு இன்னொரு ஊசி, கண் மஞ்சளானதும் கீழாநெல்லியும் பத்தியமும். எங்களிடம் வந்தபோது சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. நேராக டயாலிசிஸ். நல்லவேளை, சிறுநீரகம் இப்போது தேறி வருகிறது. எலிக்காய்ச்சல் என்று சொன்னதும் அவர் கேட்டது: “எலி எதுவும் கடிக்கலையே சார்?”

இந்த நோய்க்கு இப்படிப் பெயர் வைத்தவர் மேல் எனக்குத் தீராத கோபம். எலி கடிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் வரவே வேண்டாம். நான்கு தெரு தள்ளி எலி கழித்த சிறுநீரை மழைத்தண்ணீர் உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். எலி கடித்த தடத்தைத் தேடி நீங்கள் காலைக் காட்டுகிறீர்கள். நான் பித்தவெடிப்பையும் சேற்றுப்புண்ணையும் பார்க்கிறேன். கிருமிக்கு அதுதான் வாசல். காயமே இல்லை என்றாலும் மணிக்கணக்காக ஊறிய தோல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். எலி மட்டும் இல்லை, மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இது வரலாம். எலி கடித்தால் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு, அது வேறு நோய்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூடக் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் மழையே மறந்துபோகும்.

அப்புறம் காமாலை. ஏ வகை வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும்; பெயர் கீழாநெல்லிக்குப் போகும். எலிக்காய்ச்சலில் வரும் காமாலைக்குக் காரணம் பாக்டீரியா. ஆரம்பத்திலேயே வந்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் மாதிரி பழைய, மலிவான மருந்துக்கே அடங்கிவிடும். இதில் தட்டணுக்களும் குறையும் என்பதால் டெங்கு என்று முடிவுகட்டி பப்பாளி இலையை அரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் நாங்கள் மருந்தை நிறுத்துவதில்லை.

பிரேசிலின் சால்வடார் நகரச் சேரிகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். திறந்த சாக்கடை, குப்பை மேடு, வெள்ளம் தேங்கும் பள்ளம் இவற்றை ஒட்டி வீடு இருந்தால் ஆபத்து அதிகம். வருமானம் குறைந்தாலும் அதிகம். புளியந்தோப்புக்கும் வியாசர்பாடிக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆகவே “தண்ணீரில் இறங்காதீர்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்காவிட்டால் அன்றைய கூலி போச்சு.

முடிந்ததைச் செய்யுங்கள். கம்பூட் இருந்தால் போடுங்கள். வெறுங்காலோடு இறங்கவே இறங்காதீர்கள். புண்ணைத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். குழந்தைகள் அந்தத் தண்ணீரில் விளையாடுவதைச் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்காதீர்கள். சாக்கடை அடைப்பில் வேலை செய்கிறவர்கள், வாரம் ஒருமுறை தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே கடையில் வாங்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா, பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா, அன்றே வாருங்கள். வலி ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், அதில் பல சிறுநீரகத்துக்குக் கெடுதல். வந்ததும் முதலில், “இத்தனை நாளைக்கு முன்னால் மழைத்தண்ணீரில் நடந்தேன்” என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வரிசை வாசல் வரை நிற்கும் நாளில் நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம்.