அகலக்கால் வைக்காமல் ஜெயிப்பது: சிவிலைசேஷன் 5-இல் ஒற்றை நகர ஆட்டம்

நாகரிகத்தை வளர்க்கும் கணினி வியூக ஆட்டமான சிவிலைசேஷன் 5-இல் புது ஆட்டம் தொடங்கும்போது, அட்வான்ஸ்டு செட்டப் திரையில் ‘ஒன் சிட்டி சேலஞ்ச்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் கடைசிவரை ஒரே நகரம்தான். 1996-இல் வந்த சிவ் 2 காலத்தில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்ட விரதம் இது. 2005-இல் வந்த சிவ் 4-இல் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு தேர்வாக வந்துவிட்டது. எதிராளிகள் ஆளுக்கு ஆறேழு நகரம் கட்டிப் பரவும்போது ஒற்றை நகரம் விண்கலம் விட்டு, அதாவது அறிவியல் வழியில், ஜெயிப்பது எப்படி? கீழே வரும் எண்கள் 2013-இன் பிரேவ் நியூ வேர்ல்டு பதிப்புக்கு, ஸ்டாண்டர்டு வேகத்தில், ஸ்டாண்டர்டு வரைபடத்தில் பொருந்துபவை.

முதலில், தொழில்நுட்பங்களை வாங்கித் தரும் அறிவியல் புள்ளிகள். ஒரு டர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) ஒரு குடிமகனுக்கு 1 புள்ளி. லைப்ரரி கட்டினால் இரண்டு பேருக்கு 1 கூடும், பப்ளிக் ஸ்கூல் கட்டினால் இன்னொரு 1. ஆக, 30 பேர் உள்ள நகரத்தில் 30 + 15 + 15 = 60. யுனிவர்சிட்டி, பப்ளிக் ஸ்கூல், ரிசர்ச் லேப் மூன்றிலும் சேர்த்து நான்கு விஞ்ஞானிகளை உட்கார வைக்கலாம். தலைக்கு 3 வீதம் 12. மொத்தம் 72. இதன் மேல்தான் சதவீதங்கள் ஏறுகின்றன: யுனிவர்சிட்டி 33, நேஷனல் காலேஜ் 50, அப்சர்வேட்டரி 50, ரிசர்ச் லேப் 50. இவை ஒன்றின் மேல் ஒன்று பெருகுவதில்லை, கூட்டி 183 ஆகின்றன. 72-ஐ 2.83-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 204. கட்டடங்களும் அரண்மனையும் நேரடியாகத் தருவது தனி.

பத்து நகரம் வைத்திருப்பவர் அந்த 33 சதவீதத்துக்குப் பத்து யுனிவர்சிட்டி கட்ட வேண்டும். உங்களுக்கு ஒன்று போதும். நேஷனல் காலேஜ் கட்ட எல்லா நகரங்களிலும் லைப்ரரி இருக்க வேண்டும் என்பது விதி. ‘எல்லா நகரங்களும்’ என்றால் இங்கே ஒன்றே ஒன்று! ரைட்டிங் தொழில்நுட்பத்தை முடித்து, லைப்ரரி கட்டி, பிலாசபி தொழில்நுட்பம் கிடைத்த அதே டர்னில் வேலையைத் தொடங்கலாம். போதாததற்கு, கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு நகரத்துக்கும் தொழில்நுட்பங்களின் விலை 5 சதவீதம் ஏறும். அந்த அபராதமும் உங்களுக்கு இல்லை.

ஆகவே இந்த ஆட்டத்தில் ஆள்பலம்தான் எல்லாம். ஆள் பெருக உணவு வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அடுத்த ஆள் பிறக்கத் தேவையான உணவு, இப்போதைய ஆட்களில் ஒன்றைக் கழித்த எண்ணைப் பொறுத்தது: அந்த எண்ணின் ஆறு மடங்கு, அதே எண்ணின் 1.8 அடுக்கு, 15 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. பத்துப் பேர் இருக்கும்போது 121, இருபது பேர் இருக்கும்போது 329. இருபது பேர் தலைக்கு 2 வீதம் 40 உணவைத் தின்றுவிடுவார்கள். கட்டங்களிலிருந்து 48 வருகிறது என்றால் மிச்சம் 8. இருபத்தொன்றாவது ஆளுக்கு 42 டர்ன் காத்திருக்க வேண்டும். டிரடிஷன் பாலிசிக் கிளையை (சலுகைகளின் தொகுதியை) முழுதாக முடித்தால் அதிலுள்ள லேண்டட் எலீட்டின் 10, முடிவுப் பரிசின் 15 என மிச்சத்தின் மேல் 25 சதவீதம் கூடி 8 என்பது 10 ஆகும். அக்வடக்ட் இருந்தால் ஒவ்வொரு பிறப்புக்குப் பிறகும் 40 சதவீத உணவு களஞ்சியத்தில் தங்கும். இப்போது அதே ஆள் ஏறக்குறைய 20 டர்னில் பிறக்கிறான். அக்வடக்டையும் டிரடிஷன் இலவசமாகவே தருகிறது. ஒற்றை நகரத்துக்கு வேறு பாலிசியோடு தொடங்குவது வீம்பு என்றே சொல்ல வேண்டும்.

வழக்கமான ஆட்டத்தில் மற்ற நகரங்களிலிருந்து சரக்குக் கப்பலில் தலைநகருக்கு உணவு அனுப்பலாம். இங்கே அனுப்ப ஆளில்லை. எனவே வணிகப் பாதைகளை வெளிநாட்டுக்கு ஓட்டித் தங்கம் சேர்த்து, அதைக் கொண்டு மாரிடைம் வகை சிட்டி ஸ்டேட்டுகளை (கணினி ஆடும் குட்டி நகர நாடுகளை) நட்பாக்கிக்கொள்ளுங்கள். நட்பு நிலைக்கு வந்தாலே தலைநகருக்கு உணவு வரும். மகிழ்ச்சிக் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது: 30 பேருக்கு 30, நகரத்துக்கு 3, மொத்தம் 33 அதிருப்தி, மொனார்க்கி பாலிசி அதில் 15-ஐக் கழித்துவிடும்.

நகரத்தை எங்கே நடுவது? நகரம் பயன்படுத்துவது மூன்று வளையங்களில் உள்ள 36 கட்டங்களை. மலையை ஒட்டி நட்டால்தான் அப்சர்வேட்டரி கட்ட முடியும். மேலே பார்த்த 72-இல் பாதி, அதாவது டர்னுக்கு 36 புள்ளி, அந்த ஒரு மலையின் விலை. ஆறு இருந்தால் கார்டன் கட்டலாம், கடல் இருந்தால் கப்பல் பாதை. குன்றின் மேல் நட்டால் உற்பத்தியும் கூடும், தற்காப்பும் கூடும். இவையெல்லாம் சேர்ந்து அமையும் இடத்துக்காக ஒன்றிரண்டு டர்ன் செட்லரை (நகரம் நடும் குழுவை) நடக்க விடலாம். ஐந்தாறு டர்ன் அலைந்தால் அதற்குள் எதிராளி முந்திவிடுவான்.

கழுத்தைப் பிடிக்கும் இடம் உற்பத்தி வரிசை. நகரம் ஒன்று என்றால் வரிசையும் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் உருவாகும். மிகக் கடினமான டெய்ட்டி நிலையில், ஒருவர் மட்டுமே கட்டக்கூடிய அதிசயமான கிரேட் லைப்ரரிக்கு ஆசைப்படுவது இதனால்தான் தவறு. அந்த நிலையில் கணினி எதிராளிகள் இரண்டு செட்லர்களோடும் இலவசத் தொழில்நுட்பங்களோடும் தொடங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் முந்திவிட்டால் நீங்கள் கொட்டிய உற்பத்தி சொற்பத் தங்கமாகத் திரும்பிவரும். போன டர்ன்கள் வராது. அதே டர்ன்களில் லைப்ரரியும் இரண்டு வில்லாளிகளும் வந்திருப்பார்கள். வில்லாளிகளைக் குறைக்க வேண்டாம். படை மெலிந்தவனைக் கணினி தேடி வந்து அடிக்கும், இந்த ஒரு நகரம் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. ஆலிகார்க்கி பாலிசி எடுத்தால் நகரத்துக்குள் நிற்கும் படைக்குச் செலவு கிடையாது, நகரத்தின் அம்பு பலமும் 50 சதவீதம் கூடும்.

கட்டடங்களில் உட்கார வைத்த நிபுணர்களால் அவ்வப்போது பிறக்கும் மாமனிதர்களில் கிரேட் சயின்டிஸ்ட், எஞ்சினியர், மெர்ச்சன்ட் மூவருக்கும் எண்ணிக்கை ஒன்றே. ஒரு மெர்ச்சன்ட் பிறந்தால் அடுத்த சயின்டிஸ்டுக்கான இலக்கும் உயரும். மார்க்கெட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறானா என்று அடிக்கடி பாருங்கள். தானியங்கி ஏற்பாடு சத்தமில்லாமல் உட்கார வைத்துவிடும். ஆரம்பத்தில் பிறக்கும் சயின்டிஸ்டை அகாடமி (டர்ன்தோறும் அறிவியல் தரும் அமைப்பு) ஆக்குங்கள். பிற்பாடு பிறப்பவர்களை உடனே செலவழிக்காமல் தூங்க வையுங்கள். சயின்டிஸ்டைச் செலவழித்தால் கடந்த 8 டர்ன்களின் அறிவியல் மொத்தமாகக் கிடைக்கும். ரிசர்ச் லேபுக்கு முன் மேற்படி நகரத்தில் அது சுமார் 1,290; லேப் கட்டி, அதில் விஞ்ஞானியையும் உட்கார வைத்து, 8 டர்ன் பொறுத்தால் 1,630. நான்கு சயின்டிஸ்டுகள் இருந்தால் பொறுமைக்குக் கூலி 1,360.

கடைசிக் கட்டத்தில் அதே வரிசை மறுபடி கழுத்தைப் பிடிக்கும். அப்பல்லோ புரோகிராம், பிறகு விண்கலத்தின் பாகங்களான மூன்று பூஸ்டர், எஞ்சின், காக்பிட், ஸ்டாசிஸ் சேம்பர். ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். ஒவ்வொரு பாகத்துக்கும் 1 அலுமினியம் வேண்டும். ஹைட்ரோ பிளாண்ட்டும் ஸ்பேஸ்ஷிப் ஃபேக்டரியும் ஆளுக்கு ஒன்றை விழுங்கும் என்பதைப் பலர் தாமதமாகவே கவனிக்கிறார்கள். உங்கள் 36 கட்டங்களுக்குள் அலுமினியம் இல்லையென்றால், அது இருக்கும் சிட்டி ஸ்டேட்டைக் கூட்டாளி ஆக்குவது நேர்வழி. வரிசையைத் தாண்டவும் வழி உண்டு: ஃபிரீடம் சித்தாந்தத்தின் மூன்றாம் நிலையில் ஸ்பேஸ் புரோக்யூர்மென்ட்ஸ் எடுத்தால் பாகங்களைத் தங்கத்துக்கே வாங்கலாம். அதனால் தொழிற்சாலைகள் எழும் காலத்திலிருந்தே தங்கத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள். நகரம் காக்பிட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பூஸ்டரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வேறு நகரத்திலிருந்து தலைநகருக்கு ஓட்டிவரும் வேலையும் இல்லை. பாகம் பிறப்பதே ஏவுதளத்தில்தான்.