அசோசியேஷனில் ஸ்கோப் போட்டால் டெலீட்டும் மாறும்

ரெயில்ஸ் (ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) கோட் ரிவ்யூக்களில் நான் அடிக்கடி நிறுத்திக் கேட்கும் ஒரு வரி இருக்கிறது. கஸ்டமர் மாடலில் 'ஹேஸ் மெனி அட்ரஸஸ்', கடைசியில் 'டிபென்டன்ட் டெஸ்ட்ராய்'. அதாவது ஒரு கஸ்டமருக்குப் பல முகவரிகள் என்ற தொடர்பு (அசோசியேஷன்), கஸ்டமரை அழித்தால் அவையும் அழியட்டும் என்ற கட்டளை. அதுவரை சரி. வாடிக்கையாளர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய முகவரிகள் திரையில் தெரியக்கூடாது என்று யாராவது நடுவில் ஒரு ஸ்கோப்பை (வடிகட்டும் நிபந்தனையை) சேர்த்திருப்பார்கள்: ஆக்டிவ் ஆக இருப்பவை மட்டும். டெஸ்ட் எல்லாம் பாஸ், மெர்ஜும் ஆகிவிடும்.

கன்சோலைத் திறந்து அந்த கஸ்டமரை டெஸ்ட்ராய் செய்துவிட்டு லாகைப் பாருங்கள். முதலில் ஒரு செலக்ட் (டேட்டாபேஸில் தேடும் கட்டளை) ஓடும். அதன் 'வேர்' (WHERE, நிபந்தனை) பகுதியில் கஸ்டமர் ஐடியோடு ஆக்டிவ் நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கிடைத்த ஒவ்வொரு ரோவுக்கும் தனித்தனி டெலீட், கடைசியாக கஸ்டமருக்கு ஒன்று. ஒதுக்கிய முகவரிகளை யாரும் தொடவே இல்லை. இது பக் அல்ல. ஸ்கோப்புக்குள் வரும் ரெக்கார்டுகள் மட்டுமே அழியும் என்று ரெயில்ஸ் ஆவணமே சொல்கிறது. அட்ரஸ் மாடலில் டிஃபால்ட் ஸ்கோப் (எல்லாத் தேடலுக்கும் தானாகச் சேரும் ஸ்கோப்) இருந்தாலும் இதே கதைதான். அங்கே கஸ்டமர் மாடலைப் படிப்பவர் கண்ணுக்கு எதுவுமே தெரியாது என்பதால் அது இன்னும் மோசம்.

மிஞ்சிக் கிடப்பது வெறும் குப்பை அல்ல. "என் கணக்கை அழித்துவிடுங்கள்" என்று கேட்ட ஒருவரின் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும். அழித்துவிட்டோம் என்று அவருக்கு மெயிலும் போயிருக்கும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோருவதை உரிமையாகவே வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்த வாக்கு வாக்குதானே.

இதற்கு அசோசியேஷனை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 'அட்ரஸஸ்' ஸ்கோப் இல்லாமல், டிபென்டன்ட் டெஸ்ட்ராயோடு இருக்கட்டும். திரைக்கு 'ஆக்டிவ் அட்ரஸஸ்' என்று இன்னொன்று. அதில் ஸ்கோப்பும், கிளாஸ் நேம் அட்ரஸ் என்பதும் போதும். டிபென்டன்ட் வேண்டாம். ஃபாரின் கீ (முகவரி யாருடையது என்று காட்டும் புலம்) கஸ்டமர் ஐடி என்பதை ரெயில்ஸ் தானே கண்டுகொள்ளும். டிஃபால்ட் ஸ்கோப் இருந்தால் முதல் அசோசியேஷனில் அதை நீக்கும் அன்ஸ்கோப் போட்டாக வேண்டும்.

டெஸ்ட்ராய்க்குப் பதிலாக டெலீட் ஆல் போட்டால் வேகமாக இருக்குமே என்று கேட்பார்கள். வேகம்தான், ஆனால் கால்பேக் (ரெக்கார்டு அழியும்போது தானாக ஓடும் கோட்) ஓடாது. முகவரிக்குக் கீழே தொங்கும் ரெக்கார்டுகள் அப்படியே நிற்கும்.

டேட்டாபேஸிலேயே ஃபாரின் கீ கட்டுப்பாடு (இல்லாத கஸ்டமரைச் சுட்டும் ரோவை ஏற்காத விதி) இருந்திருந்தால் அந்த டெஸ்ட்ராய் எரரோடு நின்று, எல்லாம் பழைய நிலைக்கே ரோல்பேக் ஆகியிருக்கும். சத்தமில்லாமல் கசிவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அநாதை ரோக்கள் (கஸ்டமர் போனபின் மிஞ்சிய முகவரிகள்) ஏற்கெனவே இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) தோற்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ரெயில்ஸ் 6.1 முதல் 'வேர் மிஸ்ஸிங்' (where.missing) இருக்கிறது. அட்ரஸ் மாடலில் அன்ஸ்கோப்ட் போட்டு அதை ஓட்டினால் சொந்தக்காரர் இல்லாத ரோக்கள் அத்தனையும் வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் 'வேலிடேட் ஃபால்ஸ்' (பழைய ரோக்களை இப்போது சரிபார்க்காதே) கொடுத்து ஃபாரின் கீயை இன்றே சேர்த்துவிடலாம். புதிய தவறுகள் அன்றைக்கே நிற்கும். பழையதைச் சுத்தம் செய்தபின் வேலிடேட்டை அடுத்த மைக்ரேஷனில் ஓட்டிக்கொள்ளுங்கள்.